வாசகர் கேள்வி பதில்: போனிலிருந்து வழக்குப் போட முடியுமா?

போன இதழில், சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் தாங்களே மனு எழுதிக் கொடுப்பதைப் பற்றி நான்கைந்து வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்த மாதப் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. பாதிப்பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: இப்போது எல்லாம் ஒன்லைன் ஆகிவிட்டதே அக்கா, வழக்கையும் போனிலேயே போட்டுவிடலாமா? பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம்), லயத்தில் தனியாக விட்டுவிட்டு வர முடியாத பிள்ளை, இதையெல்லாம் நினைத்துத்தான் கேட்கிறார்கள் என்று தெரியும்.

நான் சட்டத்தரணி இல்லை. பதினெட்டு வருடம் ஒரு நீதிமன்ற வாசலுக்கு எதிரில் தட்டச்சு மேசை போட்டு மனுவும், சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் வாக்குமூலமான சத்தியக்கடதாசியும் அடித்துக் கொடுத்தவள். அங்கே பார்த்ததையும் சட்டத்தில் எழுதியிருப்பதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒரு ஹாட்வெயார் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். எட்டுப் பேர்தான் அங்கே. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி வாயால் சொல்லி அனுப்பிவிட்டார், கடிதம் ஒன்றும் தரவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது. தொழில் நியாய சபைக்கு ஈமெயில் போட்டால் போதும் என்று கூட்டாளி சொல்கிறான். லோயருக்குக் கொடுக்கக் காசில்லை. என்ன செய்வது?

தம்பி, முதலில் நாளைப் பாருங்கள். வேலையிலிருந்து நிறுத்திய தினத்திலிருந்து 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான்கு மாதம் போய்விட்டது, மிச்சம் இரண்டு. "முதலாளியோடு ஒரு தடவை பேசிப் பார்ப்போம்", "தீபாவளி முடியட்டும்" என்று தள்ளிப் போட்டவர்கள்தான் அந்தக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவர்களில் அதிகம். பேசுவதைப் பேசுங்கள், ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.

ஈமெயிலை நம்பி இருக்க வேண்டாம். நம் பக்கத்து நீதவான் நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ தொழில் நியாய சபையிலோ, ஒரு சாதாரண ஆள் வீட்டில் இருந்தபடி மனுவை ஏற்றி வழக்கைத் தொடங்கும் வழி நடைமுறையில் இல்லை. தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் கடைசி வாரம் வரை வைத்திருக்கக் கூடாது.

லோயர் இல்லாமல் போக முடியுமா என்றால், தொழில் நியாய சபைக்குத் தாராளமாகப் போகலாம். நீங்களே பேசலாம், தொழிற்சங்கத்தில் அங்கத்தவர் என்றால் சங்கப் பிரதிநிதி உங்களுக்காக நிற்கலாம். நீதியும் ஒப்புரவும் என்று எது தென்படுகிறதோ அந்தக் கட்டளையைச் சபை கொடுக்கலாம் என்பது சட்டம். சாட்சியச் சட்டத்தின் இறுக்கமான விதிகளும் அங்கே அப்படியே கட்டுப்படுத்தாது. படித்தவர் மாதிரி எழுத வேண்டும் என்று பயப்படாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி, என்ன வேலை, கடைசியாக வாங்கிய சம்பளம், நிறுத்திய தேதி, அன்று என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார், இப்போது என்ன கேட்கிறீர்கள். கடைசி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரும்ப வேலை வேண்டுமா, நட்டஈடு வேண்டுமா, வேலை செய்த வருடங்களுக்கான பணிக்கொடை வேண்டுமா, எல்லாவற்றையும் எழுதுங்கள். 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்குத்தான். உங்கள் கடையில் எட்டுப் பேர் என்பதால் பணிக்கொடையையும் இதே விண்ணப்பத்தில் சபையிடமே கேட்கலாம்.

இன்னொன்று, முதலாளியின் பெயர். எல்லோரும் கூப்பிடுகிற பெயரை எழுதிவிட்டு வருவார்கள், அப்புறம் அழைப்பாணை அனுப்ப ஆளில்லாமல் தவணை தவணையாகத் தள்ளும். சம்பளத் துண்டிலோ, ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்திலோ, கடையின் பில் புத்தகத்தின் தலையிலோ இருக்கும் பெயரையும் முகவரியையும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களும் தோட்ட மேலாளரான துரையின் பெயரோடு நிறுத்திவிடாமல் கம்பனியின் பதிவுப் பெயரைக் கட்டாயம் போட வேண்டும்.

கொண்டுபோகும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்று அவர்களுக்கு. மற்றதில் "கிடைத்தது" என்று தேதி முத்திரை வாங்கிக்கொண்டு அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு அம்மா, கொழுந்து பறித்தவர், விண்ணப்பம் காலம் கடந்து வந்தது என்று எதிர்த் தரப்பு சொன்னபோது, இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலைக்கும் பாக்குத் துண்டுக்கும் நடுவிலிருந்து எட்டாக மடித்த தாள் ஒன்றை வெளியே இழுத்தார். சுண்ணாம்பு பட்டு ஓரம் வெந்துபோயிருந்தது, மடிப்பில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஆனால் ஊதா மையில் தேதி முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. அந்த ஒரு முத்திரையில் அந்தப் பேச்சு முடிந்தது. போன் வைத்திருக்கிறீர்கள் அல்லவா, முத்திரை வாங்கிய நிமிடமே அதைப் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். இந்த விஷயத்தில் போன் உங்களுக்கு நிஜமாகவே உதவும்.

பதுளையிலிருந்து ஒரு சகோதரி: தமிழில் எழுதிய மனுவோடு போனேன். சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழில் கொடுக்கவே முடியாதா? கொமியுனிகேஷன் கடையில் கூகுளில் போட்டு சிங்களமாக்கித் தருகிறேன் என்கிறார்கள்.

முடியும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகமாகத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை, 1988 இல் 16 ஆவது திருத்தத்தால் வந்தது, இப்படிச் சொல்கிறது: வழக்கின் தரப்பினர் எவரும், விண்ணப்பதாரர் எவரும், சிங்களத்திலோ தமிழிலோ வழக்கைத் தொடங்கலாம், எழுத்து மனுக்களையும் ஆவணங்களையும் கொடுக்கலாம், நடவடிக்கையில் பங்குபற்றலாம். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றத்தின் பதிவேடு சிங்களத்தில் நடக்கும், அது வேறு விஷயம். நீங்கள் கொடுப்பது தமிழில் இருக்கலாம். அந்த நீதிமன்றத்தில் பேசும் மொழி உங்களுக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை அரசாங்கம் தர வேண்டும், வழக்கேட்டில் உங்களுக்கு உரித்தான பகுதியைத் தமிழில் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. இது யாரும் மனம் வைத்துச் செய்யும் உபகாரம் இல்லை.

ஆனால் உரிமை இருப்பது வேறு, கவுண்டரில் நின்று வாங்குவது வேறு. சண்டை போடாமல், "24 ஆவது உறுப்புரைப்படி தமிழில் கொடுக்கிறேன், ஏற்றுக்கொள்ள முடியாது என்றால் அதை எழுத்தில் தாருங்கள்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பதிவாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பு முதலியார் லீவில் இருப்பார், ஆளே நியமிக்கப்படாமல் இருக்கும், அதனால் தவணை தள்ளிப்போகும், இது நடக்கிற விஷயம்தான், சலிப்பாக இருக்கும். அதற்காகப் புரியாத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து ஒரு கடையில் எழுதிய சிங்களத்தில், "அடித்தார்" என்பது "அடிப்பேன் என்றார்" ஆகிவிட்டால், நாளைக்கு உங்கள் சொந்த மனுவே உங்களுக்கு எதிராக நிற்கும். சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்கும்போதும் அப்படித்தான்: வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்கிய பிறகுதான் பேனாவை எடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்தக் கோப்பை வேறொரு கணினியில் திறந்தால், அங்கே பாமினி இல்லாவிட்டால், உங்கள் மனு முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். அச்சடித்த தாளில் இந்தப் பிரச்சினை தெரியாது. பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போய் வேறிடத்தில் அச்சடிக்கும்போதும், ஈமெயிலில் ஒருவருக்குப் பார்க்க அனுப்பும்போதும்தான் மாட்டிக்கொள்வீர்கள். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், கடைசியில் பி.டி.எஃப் ஆக்கி வாங்குங்கள். அப்புறம் பெயர். நம் ஆட்களின் பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்தின் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இன்னொன்று என்று மூன்று விதமாகப் பெயர் இருக்கும். அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் மாறும், "காளியம்மா" ஓரிடத்தில் "காலியம்மா" ஆகியிருக்கும். மனுவில் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, "இன்ன பெயராலும் அறியப்படுபவர்" என்று மற்றதையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் பத்துப் பிரச்சினை அந்த ஒரு வரியில் குறையும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். பத்து மாதமாக எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சதமும் அனுப்பவில்லை. கேட்டால் வாட்ஸ்அப்பில் ஏசி வொய்ஸ் போடுகிறார். வழக்குப் போட கொழும்புக்குப் போக வேண்டுமா? வொய்ஸை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா?

கொழும்புக்குப் போகத் தேவையில்லை தங்கச்சி. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் (பராமரிப்புச் செலவு) சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளுக்கும் கேட்கலாம், உங்களைப் பராமரிக்க உங்களால் முடியாத நிலை என்றால் உங்களுக்கும் கேட்கலாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கணவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி, மாதம் என்ன செலவு என்ற கணக்கு. இந்தக் கணக்கை உத்தேசமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டு போங்கள். மா எவ்வளவு, பால்மா எவ்வளவு, பள்ளிக்கூட வேன் எவ்வளவு, மருந்து எவ்வளவு. கடைக் கொப்பி இருந்தால் அதையும் எடுங்கள். நீதவானுக்கு முன்னால் நிற்கும்போது பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும், தாள் கையில் இருந்தால் வாசிக்கலாம்.

வொய்ஸை நீங்களாக யாருக்கும் அனுப்ப வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது, அழிக்காமல் இருப்பது. கோபத்தில் அந்த எண்ணை பிளொக் பண்ணி, சாட்டையே அழித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். போனை மாற்றாதீர்கள், மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் மேலே எண்ணும் தேதியும் தெரியும்படி எடுங்கள், அவர் பெயரை நீங்கள் எப்படிச் சேமித்திருக்கிறீர்களோ அது போதாது. இலத்திரனியல் பதிவுகளைச் சாட்சியமாக எடுக்க நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, 1995 இலும் 2006 இலும் வந்தவை. ஆனால் அதற்கு முறை உண்டு, 1995 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் என்றால் விசாரணைக்கு 45 நாளுக்கு முன்பே எதிர்த் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு சட்டத்தரணியைக் கேட்பது நல்லது. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பல நீதிமன்ற வளாகங்களிலேயே அவர்களின் நிலையம் உண்டு. வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு போங்கள். தாபரிப்பு வழக்கு அவர்களுக்குப் புதிதே இல்லை, கூச்சப்படாதீர்கள்.

உங்கள் வழக்கில் வொய்ஸை விடப் பலமான ஆதாரம் ஒன்று இருக்கிறது. இந்தப் பத்து மாதத்துக்கும் அதற்கு முன்னால் பணம் வந்த மாதங்களுக்கும் உரிய வங்கிக் கணக்கு அறிக்கை. முன்னால் மாதாமாதம் பணம் வந்து, அப்புறம் நின்றுபோனது அதில் தெரியும்.

புசல்லாவையிலிருந்து ஒரு ஐயா: எங்கள் பெரியப்பா குடும்பம் எழுபதுகளில் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய் கோத்தகிரிப் பக்கம் குடியேறியது. பெரியப்பா இறந்த பிறகு அவருடைய காணியைப் பற்றி அங்கே பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, என்னையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார்கள். சம்மனின் போட்டோவை உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இந்திய நீதிமன்றங்களில் ஈ-ஃபைலிங் இருக்கிறதாமே, இங்கிருந்தே நான் பதில் போடலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது என் அம்மாவழி ஆட்கள் தலைமன்னாருக்கு ரயில் ஏறிய கதைதான் ஞாபகம் வந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிப் பிரித்தார்கள். குடும்பங்களும் காணிகளும் அந்த எண்ணிக்கைப்படி பிரியவில்லை, அதனால்தான் இன்றைக்கும் இந்த மாதிரி சம்மன் கடல் தாண்டி வருகிறது.

நீங்கள் கேள்விப்பட்டது சரி. இந்தியாவில் ஈ-கோர்ட்ஸ் திட்டத்தின் கீழ் ஈ-ஃபைலிங் தளம் இருக்கிறது, சட்டத்தரணிகள் மட்டுமல்லாமல் தாங்களே வழக்காடுபவர்களும் அதில் பதிவு செய்து கோப்புகளை ஏற்றலாம். நீதிமன்றக் கட்டணத்தையும் ஒன்லைனில் கட்ட வழியிருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது, அந்த போட்டோவில் இருப்பது உண்மையான வழக்கா என்று பார்ப்பது. அங்கே ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர் என்று 16 இலக்கம் கொண்ட அடையாள எண் உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். அதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் எந்த நீதிமன்றம், யார் வாதி, யார் பிரதிவாதி, அடுத்த தவணை எப்போது என்று பார்க்கலாம், காசு கிடையாது. உறவினர் சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே பாருங்கள். உங்களுக்கு இந்தப் பக்கத்தில் நான் சொல்லக்கூடிய பெரிய உதவி இதுதான்.

அடுத்தது நாள் கணக்கு. அங்கே பிரதிவாதி சம்மன் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்துமூலப் பதிலைக் கொடுக்க வேண்டும், நீதிமன்றம் காரணத்தை ஏற்றால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ முறைப்படி சம்மன் கிடைத்ததாகுமா என்பது வாதிடக்கூடிய விஷயம். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், போட்டோ வந்த தினத்திலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.

அப்புறம் சத்தியப் பிரமாணம். பதிலோடு கொடுக்கும் சத்தியக்கடதாசியில் நீங்கள் புசல்லாவையில் உட்கார்ந்து கையெழுத்து வைத்து அனுப்பினால் அங்கே கேள்வி வரும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரக அதிகாரி முன்னால் சத்தியம் செய்யலாம், அதற்கு அங்கே 1948 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நமக்குக் கண்டியிலேயே இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருப்பது வசதி. உறவினர் ஒருவருக்கு, உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் கொடுத்து அவரை நடத்தச் சொல்வதென்றாலும் அங்கேதான் போக வேண்டும். அந்தப் பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்து 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், இதை மறந்து பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

கோப்பை ஏற்றும் வேலை பற்றி. ராத்திரி லைட்டுக்குக் கீழே போட்டோ எடுத்தால் உங்கள் கையின் நிழலே பாதிப் பக்கத்தை மறைக்கும். காலையில் ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, தாளை நேராக வைத்து, ஸ்கேன் செய்யும் செயலியில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், முத்திரையும் கையெழுத்தும் பல தடவை பின்பக்கத்தில்தான் இருக்கும். பக்க எண் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப் ஆக வரிசையாகச் சேர்த்து, ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் போனிலேயே திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நம் மலையில் சிக்னல் எப்படி என்று தெரியும், மழை பிடித்தால் ஏற்றம் பாதியில் நின்றுவிடும். கடைசி நாள் ராத்திரி அந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்றி முடித்ததும் ஒரு எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. அலுவலகத்தில் பார்த்து, குறை இருந்தால் திருப்புவார்கள், அந்தக் குறையைச் சரிசெய்தால்தான் கோப்பு உள்ளே போகும். பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். காணி வழக்கு, அதுவும் இன்னொரு நாட்டுச் சட்டத்தில், பல வாரிசுகள். இதை நீங்கள் தனியே நடத்துவதை நான் விரும்பவில்லை. ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வழக்கறிஞரை வையுங்கள். அவர் எதை, எப்போது பதிவு செய்தார் என்பதை சி.என்.ஆர் எண்ணை வைத்து நீங்கள் இங்கிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள்.

கண்டியிலிருந்து ஒரு மாணவர்: அமெரிக்காவில் எல்லா வழக்கும் ஒன்லைன்தானே? அங்கே சாதாரண ஆள் வீட்டிலிருந்தே போடலாம் என்று படித்தேன்.

முழுக்க அப்படி இல்லை தம்பி. அங்கே சமஷ்டி நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் ஒன்லைனில்தான் போட வேண்டும். சட்டத்தரணி இல்லாமல் வருகிறவர், நீதிமன்றக் கட்டளையோ அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதியோ அனுமதித்தால் மட்டும்தான் ஒன்லைனில் போடலாம், சிவில் நடைமுறை விதி 5 அப்படித்தான் சொல்கிறது. ஆகவே அங்கேயும் ஏழை ஆள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போவது உண்டு. மற்றவர்களின் வழக்கேட்டைப் பார்க்க பேசர் என்ற சேவை, ஒரு பக்கத்துக்கு 10 சதம், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டொலர், மூன்று மாதத்தில் 30 டொலருக்குள் இருந்தால் அறவிடுவதில்லை. நம் நாட்டிலும் இந்த முறை வரும்போது, சொந்தமாக வழக்காடும் தோட்டத்து ஆளையும் நினைத்து, தமிழ் எழுத்தில், சாதாரண போனில் திறக்கும்படி செய்ய வேண்டும். வந்த பிறகு கேட்பதை விட இப்போதே கேட்பது நல்லது, உங்களைப் போன்ற மாணவர்கள் கேளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அண்ணன்: சீட்டுக் காசு 80,000 ரூபா ஒருவர் தரவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போகலாமா?

இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம். அங்கே சட்டத்தரணிகள் வந்து பேச முடியாது, நீங்கள் இருவரும்தான் உட்கார்ந்து பேசுவீர்கள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. சீட்டுக் கொப்பியையும், பணம் கொடுத்ததைப் பார்த்தவர்களின் பெயரையும் எடுத்துக்கொண்டு போங்கள். இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது.

வெலிமடையிலிருந்து ஒரு தாய்: என் மகனை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போய் அடித்துவிட்டார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். சம்பவம் நடந்து இன்றைக்குப் பதினொரு நாள். உயர் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது, எங்களிடம் பஸ்ஸுக்குக் கூடக் காசில்லை. ஈமெயிலில் முறைப்பாடு செய்ய முடியுமா?

அம்மா, உங்கள் கடிதத்துக்கு அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்ற தாய்மாருக்கும் தெரிய வேண்டும் என்று உங்கள் அனுமதியோடு இங்கேயும் எழுதுகிறேன்.

அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம், அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை. பாதிக்கப்பட்டவர் தாமே போடலாம், சட்டத்தரணி மூலமும் போடலாம். மனு எழுதிக் கொடுக்க வசதியில்லாத ஏழைகள் உயர் நீதிமன்றத்துக்கு எழுத்தில் முறையிட்டால், அதைப் பொருத்தமென்று கண்டால் மனுவாக எடுத்து சட்ட உதவிக்கு அனுப்பும் ஏற்பாடு 1990 ஆம் ஆண்டின் உயர் நீதிமன்ற விதிகளில், 44 ஆவது விதியில், இருக்கிறது. அதனால் கடிதம் எழுதுவது வீண் வேலை இல்லை. தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், துண்டை வையுங்கள்.

அதே நேரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுங்கள். பதுளையில் அவர்களுக்குப் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 என்ற எண்ணுக்கு அழைத்தும் பேசலாம். ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அவர்களின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் விடாமல் வைத்திருங்கள். இதை நம்பி உயர் நீதிமன்றத்துக் கடிதத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

காயங்களை இன்றைக்கே படம் எடுங்கள், வீக்கம் வற்றிக்கொண்டிருக்கும். முகமும் காயமும் ஒரே படத்தில் தெரிய ஒன்று, கிட்டப் போய் ஒன்று, அளவு தெரிய பக்கத்தில் ஒரு சில்லறைக் காசை வைத்து ஒன்று. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையையும் டிக்கட் இலக்கத்தையும் இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். சட்ட வைத்திய அதிகாரி பார்த்தாரா என்று மகனிடம் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள். கூட்டிக்கொண்டு போன நேரம், வந்த வாகனம், அதைப் பார்த்தவர்கள், எல்லாவற்றையும் மகன் சொல்லச் சொல்ல யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும். பேத்தி ஓ லெவல் படிக்கிறாள் என்றீர்களே, அவளையே எழுதச் சொல்லுங்கள். பாட்டியான நீங்கள் கேட்டதை அல்ல, அவளுடைய மாமாவான உங்கள் மகன் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதட்டும், கீழே அன்றைய தேதியையும் நேரத்தையும் போட்டு மாமாவிடம் கையெழுத்து வாங்கட்டும்.